படித்தது போதும் என்று யார் சொல்ல வேண்டும்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து பேசி, படத்துக்கு மாலை போட்டுக் கலைவது பல இடங்களில் வழக்கம். நம் மன்றத்தில் அப்படி வேண்டாம் என்று முதல் ஆண்டே முடிவெடுத்தோம். நம்மை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை எடுத்து அதோடு மல்லுக்கட்டுவதுதான் ஐயாவுக்கு நாம் செய்யும் மரியாதை. இந்த ஆண்டுக் கேள்வி பார்வைக்குச் சின்னது. நாம் படிக்கிறோம், பார்க்கிறோம், கேட்கிறோம், பகிர்கிறோம். எழுதுவது எப்போது?

மாதக் கூட்டத்துக்கு வருகிற இளைஞர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தோம். நிறையத் தெரிந்த பிள்ளைகள். அம்பேத்கர் தொகுதிகளில் எது எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று சொல்வார்கள். போன வாரம் வந்த படத்தையும் அதைப் பற்றி வந்த பத்து விமர்சனங்களையும் சொல்வார்கள். "நீங்க என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டால் மட்டும் தலை குனிந்துவிடும். "இன்னும் நிறையப் படிக்கணும் தோழர். அப்புறம்தான் எழுதணும்." பதினெட்டு வயதுத் தங்கையும் இதைத்தான் சொன்னார், நாற்பத்தைந்து வயது அண்ணனும் இதைத்தான் சொன்னார். பணிவான பதில். இந்தப் பணிவு நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எழுத்து நம் பாட்டன் பூட்டனுக்கு மறுக்கப்பட்ட பொருள். திண்ணைக்கு வெளியே நின்று காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டவர்கள் வழியில் வந்தவர்கள் நாம். அதனால் புத்தகத்தின் மீது நமக்குப் பக்தி. கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அந்தப் பக்தியைக் குறை சொல்ல மாட்டோம், அதுதான் நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. ஆனால் பக்தன் கோயிலுக்குள் போய்ச் சாமி செய்ய உட்கார மாட்டான். எழுதுகிறவர் வேறு சாதி மனிதர், நாம் வாசகர் என்கிற பழைய ஏற்பாடு அந்தப் பக்தியின் நிழலிலேயே தொடர்ந்து வந்துவிடுகிறது.

நம் ஊர்களில் நிற்கிற அம்பேத்கர் சிலையைப் பாருங்கள். ஒரு கை நீட்டியிருக்கும், இன்னொரு கையில் புத்தகம் இருக்கும். "அவரைப் போலப் படி" என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அந்தக் கையில் இருக்கும் புத்தகம் எது? அரசியலமைப்புச் சட்டம். வரைவுக் குழுவின் தலைவராக இருந்து அவர் உருவாக்கிய புத்தகம். அவர் படித்த புத்தகங்கள் எல்லாம் சிலைக்கு வெளியே இருக்கின்றன.

அவரைவிட அதிகம் படித்தவர் நம்மில் யாரும் இல்லை. புத்தகங்களை வைப்பதற்கென்றே தாதரில் ராஜகிருகம் கட்டியவர். அவர் எப்போது எழுதத் தொடங்கினார் என்று பார்த்தால் நமக்கு ஒரு விஷயம் விளங்கும். 1913-ல் நியூயார்க் போகிறார். 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் என்ற மானுடவியல் பேராசிரியரின் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசிக்கிறார். அப்போது அவருக்கு வயது 25. படிப்பு முடியவில்லை, பட்டங்கள் பாக்கி இருக்கின்றன. அந்தக் கட்டுரையில் அவர் என்ன செய்கிறார்? செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் என்று அன்றைக்குச் சாதி பற்றிப் பெரிய வாய் என்று கருதப்பட்ட நான்கு பேரின் விளக்கங்களையும் எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றிலும் எது ஒத்துவருகிறது, எது விட்டுப்போகிறது என்று சொல்கிறார். பிறகு அகமணம்தான் சாதியின் உயிர் என்ற தன் முடிவைச் சொல்கிறார். தன் கருத்து தவறென்று காட்டினால் கைவிடத் தயார் என்றும் கடைசியில் சேர்த்துக்கொள்கிறார். அந்த ஒரு வரி நமக்கு மிகவும் பிடித்தது. முழுக்கத் தெரிந்த பிறகு எழுதுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. தெரிந்த அளவுக்கு எழுதி, திருத்தத்துக்கு இடம் விட்டார். சாதியை ஆராய வந்த எவரும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்த ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1917-ல் அவர் இந்தியா திரும்பியபோது சாமான்களும் புத்தகங்களும் வேறு கப்பலில் வந்தன. உலகப் போர்க் காலம். அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. பழைய புத்தகக் கடை கடையாக ஏறி, சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து வாங்கியவை கடலுக்குள் போயின. படித்ததை மட்டும் சொத்தாக வைத்திருந்தவர் என்றால் அன்றைக்கே உடைந்துபோயிருப்பார். அவரிடம் எழுதும் கை இருந்தது. 1920 ஜனவரி 31-ல் 'மூக்நாயக்' இதழ் வந்தது. 1923-ல் ரூபாயின் பிரச்சினை பற்றிய நூல் வந்தது.

1936-ல் லாகூரில் பேச அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே படித்த ஏற்பாட்டாளர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மாநாடே நின்றது. பேசாத அந்த உரையைச் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டது என்றும், குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்றும் மறு ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார். மேடை மறுக்கப்பட்ட பேச்சு அச்சாகி இன்றைக்கும் நம் பையில் கிடக்கிறது. மேடை கிடைத்திருந்தால் அது ஒரு மாநாட்டுப் பேச்சாகவே போயிருக்குமோ என்று சில சமயம் தோன்றும்.

"அவர் அம்பேத்கர், நாம் யார்?" என்று இந்த இடத்தில் ஒரு குரல் எழும். சரி, ஒரு சிறுமியைப் பார்ப்போம். புனேயில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய், மாங் சாதிப் பெண். 1855-ல் 'ஞானோதய' இதழில் மாங், மகர் மக்களின் துயரம் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. வேதம் எங்களுடையது என்று சொல்கிறவர்களிடம், அப்படியானால் எங்கள் மதம் எது என்று கேட்கிற கட்டுரை அது. எத்தனை புத்தகம் படித்திருப்பார் அந்தப் பிள்ளை? சில ஆண்டுப் பள்ளிப் படிப்பு. வீட்டில் கேட்டதும் தெருவில் கண்டதும் மிச்சம். அவ்வளவுதான் அவருடைய கையிருப்பு.

தமிழுக்கு வருவோம். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது. 1914-ல் அவர் மறையும் வரை நடத்தினார். பண்டிதர் படித்த படிப்பு சாதாரணமானதல்ல. சித்த வைத்தியம், ஓலைச் சுவடி, குறள், மணிமேகலை, நிகண்டு என்று எல்லாவற்றையும் படித்தவர். எல்லாவற்றையும் ஒரே கேள்வியோடுதான் படித்தார். நம்மைத் தாழ்ந்தவர் என்று சொல்லும் கதைக்கு முன்னால் என்ன கதை இருந்தது? அந்தக் கேள்விக்கு வாராவாரம் பதில் எழுத வேண்டியிருந்தது. வாரத்துக்குள் பக்கம் நிரம்ப வேண்டும், அச்சுக்குப் போக வேண்டும் என்ற வகையான நெருக்கடி உள்ளவன் படிக்கிற விதமே வேறு. ஏட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டமாட்டான், கையில் பென்சிலோடு தேடுவான்.

'தமிழன்' இதழில் இன்னொன்றும் உண்டு. அதன் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. கோலார் தங்கவயலிலிருந்தும், கடல் கடந்து ரங்கூனிலிருந்தும் கேள்வி எழுதினார்கள், மறுப்பு எழுதினார்கள், தங்கள் ஊர்ச் செய்தி எழுதினார்கள். பூமிக்கு அடியில் பாறை உடைத்துவிட்டு மேலே வந்தவர்கள். அவர்களுக்கு இதழ் என்பது வாங்கிப் படித்து மடித்து வைக்கும் சரக்காக இருந்திருந்தால், பண்டிதரோடு எல்லாம் முடிந்திருக்கும். பின்னாளில், 1926-ல், தங்கவயலிலிருந்தே 'தமிழன்' மறுபடி வந்தது. பண்டிதரின் எழுத்தை அச்சில் காப்பாற்றியதில் தங்கவயல்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வாசகர்கள் உற்பத்தியாளர்களாகவும் இருந்த இதழ் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஆய்வு மாணவர்கள் யாராவது அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்து ஒரு நூல் செய்தால் நன்றாக இருக்கும். இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறோம்.

இப்போது நம் கையிலிருக்கும் செல்போனுக்கு வருவோம். அதைத் திட்ட இந்த மேடையைப் பயன்படுத்தப் போவதில்லை. நூலகம் இல்லாத ஊரில் அதுதான் நூலகம். வார்டன் பார்க்காத நேரத்தில் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்பேத்கரைப் படிக்க வைத்ததும் அதுதான். ஆனால் அது நம்மை எந்த வேலையில் வைத்திருக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

ஓர் ஊரில் வன்கொடுமை நடக்கிறது. அடித்த வீடியோ பத்து நிமிடத்தில் நம் எல்லாக் குழுக்களுக்கும் வந்துவிடுகிறது. பார்க்கிறோம். வயிறு எரிகிறது. பகிர்கிறோம். ஸ்டேட்டஸ் வைக்கிறோம். இரவு பன்னிரண்டு வரை கோபமாக விவாதிக்கிறோம். மறுநாள் இன்னொரு ஊர், இன்னொரு வீடியோ. ஒரு மாதத்தில் மனசு மரத்துப் போகிறது. அத்தனை பேர் பார்த்த அந்தச் சம்பவத்தைப் பற்றி, அன்று மாலையே அந்தத் தெருவில் உட்கார்ந்து, பாதிக்கப்பட்டவரின் வாயால் கேட்டு எழுதப்பட்ட இரண்டு பக்கம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் எங்கேயும் இல்லை.

இது இலக்கியப் பிரச்சினை மட்டும் கிடையாது. 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்திய குற்றத்துக்கு, அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்ததா என்பது முக்கியம். எந்தச் சொல் சொல்லப்பட்டது, யார் வாயால், யார் யார் கேட்டார்கள், டீக்கடை வாசலா வீட்டுக்கு உள்ளேயா, மணி என்ன, வெளிச்சம் இருந்ததா? இந்த விவரங்கள் முதல் புகாரிலேயே இல்லாமல் போனால், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைவார். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுவதும், இடத்தைக் கண்முன் நிறுத்துவதும், யார் எங்கே நின்றார்கள் என்று பார்ப்பதும் யாருடைய தொழில்? கதை எழுதுகிறவரின் தொழில். நம் சேரியில் நல்ல கதை எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் நல்ல புகார் எழுதவும் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். நம் எழுத்தின் பழைய வடிவங்களில் மனுவும் ஒன்று என்பதை இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. 'பறையன்' இதழை 1893-ல் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், அதே காலத்தில் மனுக்களாலும் போராடியவர்.

சினிமாவுக்கும் இதே கதைதான். 2018-ல் 'பரியேறும் பெருமாள்' வந்தபோது நம் பிள்ளைகள் எத்தனை நாள் பேசினார்கள்! பேச வேண்டிய படம்தான். ஆனால் அதை எடுத்த மாரி செல்வராஜ் அதற்கு முன்பே 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று சிறுகதைத் தொகுப்பு கொண்டுவந்தவர். படத்தைப் பார்த்தவர்களில் அந்தத் தொகுப்பைத் தேடியவர்கள் கொஞ்சம் பேர். அதைப் படித்துவிட்டு, நம் ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்று எழுத உட்கார்ந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் பேர்.

ரோஹித் வெமுலாவைச் சொல்லாமல் இந்த உரையைக் கடக்க முடியாது. 2016 ஜனவரி 17. கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளர் ஆக விரும்பியதாகவும், கடைசியில் எழுதக் கிடைத்தது இந்தக் கடிதம் மட்டுமே என்றும் அந்தக் கடிதத்தில் சொல்கிறார். நாடே அந்தக் கடிதத்தைப் படித்தது, மொழிபெயர்த்தது, சுவரில் ஒட்டியது. விண்மீன்களைப் பற்றி அவர் எழுதியிருக்க வேண்டிய நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை, மரணக் குறிப்பு கிடைத்தது. நம் எழுத்தில் எதை வாங்கிக்கொள்ள இந்தச் சமூகம் தயாராக இருக்கிறது என்பதும் இதில் இருக்கிறது. வலியைக் கொடு, வாங்கிக்கொள்கிறோம் என்கிறது. வானத்தைப் பற்றி எழுத வந்தால் இடம் இல்லை. அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகள் இங்கே இருந்தால், உங்கள் பாடத்தைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். அதுவும் தலித் இலக்கியம்தான். இதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

மறுபக்கத்தையும் பேச வேண்டும், இல்லாவிட்டால் உரை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். படிக்காமலே எழுதுகிறவர்களும் நம்மிடையே உண்டு. முதல் புத்தகம் தன் வாழ்க்கை. அது வருகிறது, பாராட்டு வருகிறது, ஒன்றிரண்டு மேடை வருகிறது. இரண்டாவது புத்தகத்துக்குச் சரக்கு இல்லை. தன் அனுபவம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதைத் திரும்பத் திரும்பத் தோண்டினால் அடியில் பாறைதான் வரும். ராஜ் கௌதமனைப் பாருங்கள். 2002-ல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார், தன் வாழ்க்கையை எடுத்து எள்ளலோடு நாவலாக்கினார். அதே மனிதர் சங்கப் பாடல்களையும் தொல்காப்பியத்தையும் வரி வரியாகப் படித்து, தமிழ்ச் சமூகம் எப்படி உருவானது என்று தடித் தடியாக ஆய்வு நூல்கள் எழுதினார். அயோத்திதாசரைப் பற்றி எழுதினார். அந்த நாவலில் இருக்கும் சிரிப்பு அவ்வளவு படிப்பிலிருந்தும் வந்த சிரிப்பு. தன்னைத் தள்ளி நின்று பார்க்கப் படிப்பு கற்றுக்கொடுக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்ததற்கு முந்தைய ஆண்டு அம்பேத்கர் நூற்றாண்டு. அந்தச் சில ஆண்டுகளில் சிறு கூட்டங்களிலும் சிற்றிதழ்களிலும் நடந்த வாசிப்பும் விவாதமும் இல்லாமல், தமிழில் தலித் எழுத்து அந்த வேகத்தில் எழுந்திருக்காது.

அப்படியானால் அளவு என்ன? இத்தனை மணி நேரம் படி, இத்தனை மணி நேரம் எழுது என்று அட்டவணை போடுவது நம் வாழ்க்கைக்குப் பொருந்தாது. கட்டட வேலைக்குப் போய்விட்டு வருகிற தம்பிக்கு எட்டு மணிக்கு மேல் கண் சொருகிவிடும். பெண்களுக்கு அந்த எட்டு மணியும் இல்லை. மராத்தியில் ஊர்மிளா பவாரின் தன்வரலாற்றுக்கு 'ஆய்தான்' என்று பெயர், மூங்கிலில் முடைகிற பொருள். கூடை முடைந்து பிள்ளைகளை வளர்த்த தாயின் கைவேலையையும் தன் எழுத்தையும் அவர் ஒன்றாகவே பார்க்கிறார். நம் மன்றத்தில் பெண் தோழர்கள் ஏன் குறைவாக எழுதுகிறார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கவலைப்படுகிறோம். கூட்டம் முடிந்த பிறகு டீ டம்ளரைக் கழுவுவது யார் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வீட்டில் சோறு வடிப்பது யார் என்று பார்த்தால் மீதி.

ஐயா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து, இரவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, வீட்டில் நூறு புத்தகம்கூட இல்லாத மனிதர். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் பள்ளிக்கூட நோட்டுகள் அடுக்கி இருந்தன. இடது பக்கத்தில் படித்ததிலிருந்து ஒரு பத்தி. வலது பக்கத்தில் அதற்கு அவர் ஊரின் பதில். இடது பக்கத்தில் மகாடு சவுதார் குளம், 1927 மார்ச் 20. வலது பக்கத்தில் எங்கள் ஊர்க் குடிதண்ணீர்: ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி, எதில் எந்த நேரம் தண்ணீர் விடப்பட்டது, மோட்டார் ரிப்பேர் ஆனபோது எது முதலில் சரிசெய்யப்பட்டது, குடத்தோடு போன யாரை எந்த வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு நோட்டில் பறையின் அடிகளுக்குப் பெரியவர்கள் சொன்ன பெயர்கள். சில அடிகளுக்கு எதிரே, வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் இறந்த ஆண்டு மட்டும் இருக்கிறது. வலது பக்கம் காலியாக இருந்தால் அடுத்த புத்தகத்தை எடுக்க மாட்டார். அவர் கடைப்பிடித்த விதி அந்த ஒன்றுதான்.

அந்த நோட்டுகளில் பதினொன்றைத் தட்டச்சு செய்து முடித்திருக்கிறோம். தண்ணீர், சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூடம் என்று மூன்று பகுதிகளாக வரப்போகிறது. மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் உறவையும் சரிபார்க்கப் பெரியவர்கள் வேண்டும். பறை அடிகளைப் பற்றிய நோட்டு மட்டும் தனியாக நிற்கிறது. அதற்கு வாசிக்கத் தெரிந்தவர்களே பக்கத்தில் இருந்தாக வேண்டும், எழுதப்பட்டது சரியா என்று அவர்கள் அடித்துக் காட்டினால்தான் தெரியும்.

மாதக் கூட்டத்திலும் ஒரு மாற்றம் செய்கிறோம். இதுவரை ஒருவர் புத்தகத்தை அறிமுகம் செய்வார், மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். இனி அறிமுகம் அரை மணி நேரம். பிறகு வந்திருக்கும் எல்லோரும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும், போன்கள் ஒரு பையில் இருக்கும். எழுத்துப் பழகாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதித் தருவார்கள், பெரியவரின் பெயரில். எழுதியதை வாசிப்பது அவரவர் விருப்பம். டீயும் டம்ளரும் இந்த முறை ஆண் தோழர்கள் பொறுப்பு, பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது.

முதல் கூட்டம் வரும் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. கோடு போட்ட நோட்டுகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். இடது பக்கத்தில் இன்று கேட்டதில் எதை வேண்டுமானாலும் குறித்துக்கொள்ளலாம். ஞாயிறு வரும்போது வலது பக்கத்தைக் கேட்போம்.

ஜெய்பீம்.